கிடாருக்குள்ள இருந்து டீ கேட்டவன்

அந்த சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் கீழ வைங்க தம்பி. ஒரு நிமிஷம். ஆறினா ஆறட்டும், மறுபடி காய வச்சுக்கலாம். வயித்தக் கிழிக்கற டாக்டரே வெளிய வந்து வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள போறாரு. நீங்க என்னன்னா, பையைத் திறந்தீங்க, கிடாரை எடுத்து மேஜையில கிடத்தினீங்க, ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டீங்க.

ஆமா, நான்தான் கொண்டுவந்தேன். மாத்தறதுக்குத்தான் கொண்டுவந்தேன். புது பிக்கப்பு அந்த டப்பாவுல இருக்கு, ரெனிட்டா ஆன்லைன்ல வரவழைச்சது, பிரிக்கக்கூட இல்ல. நான் மாத்தாதீங்கன்னு சொல்லல. மாத்தணுமான்னு கேக்கறேன். ரெண்டும் வேற.

என்னைத் தெரியலையா உங்களுக்கு? மிமிக்ரி குணாளன். பொன்னி இன்னிசைக் குழு. கச்சேரியில மூணு பாட்டுக்கு ஒரு தடவை, பாடறவங்க தண்ணி குடிக்கறதுக்காக, கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் மேடைக்கு வருவான்ல? அவன்தான். வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்ணினேனே, என்ன சொன்னீங்க? 'கொண்டாங்க சார், பாத்துக்கலாம் சார், நம்ம கடைதான சார்.' சிரிக்கறீங்க. பாத்தீங்களா, உங்க குரல் உங்களுக்கே அடையாளம் தெரியல. எல்லாருக்கும் அப்படித்தான்.

இந்தக் கிடாரு என்னுது இல்ல. பீலிக்ஸோடது. எங்க குழுவுல கிடார் வாசிச்சவன், என் சிநேகிதன். போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆவுது. ரெனிட்டா அவன் பொண்ணு. அப்பன்கிட்டயே கத்துக்கிட்டா, இப்ப காலேஜ் பசங்களோட சேர்ந்து பேண்டு வச்சிருக்கா. சனிக்கிழமை கச்சேரி. என்னை மாமாம்பா. அவ அம்மா லூர்து என்னை அண்ணேம்பா, நான் தங்கச்சிம்பேன், அந்த வழியில நான் மாமா. அவங்க மாதா கோயிலு, நான் சமயபுரத்தாள். ஆனா முறைன்னு வந்துட்டா முறைதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பிக்கப்பைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. தந்திக்குக் கீழ இந்தக் காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி செம்புக் கம்பி. மேல தந்தி ஆடினா அது மட்டும்தான் இதுக்குக் கேக்கணும். வேற எதுவும் கேக்கக் கூடாது. ஆனா இது கம்பெனியிலேர்ந்து வந்த பழசு, உள்ள இருந்த மெழுகு காஞ்சு போச்சு, சுத்து தளர்ந்து போச்சு. அதனால பக்கத்துல யாராச்சும் பேசினா அந்தப் பேச்சும் இதுக்குக் கேக்குது, ஆம்ப்புப் பொட்டி வழியா வெளிய வருது. சரியா? இதைத்தான் நீங்க கோளாறுங்கறீங்க. வால்யூம் கூட்டினா கீன்னு கத்துது மாமா, மேடையில மானம் போவுதுன்னு ரெனிட்டா சொல்றா. காது நல்லாக் கேக்கறதைப் போய் கோளாறுங்கறீங்க ரெண்டு பேரும்.

இதை வச்சு பீலிக்ஸு என் பொழப்பையே கெடுத்தான் தம்பி. கேளுங்க. நான் டவுன் பஸ் கண்டக்டரைப் பண்ணுவேன். 'உள்ள போ, உள்ள போ, உள்ள கிரவுண்டு மாதிரி கெடக்குது எடம், ஏ பச்சச் சட்டை, என்ன படியில குடித்தனமா.' கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கற எடத்துல நான் ஒரு துளி நிறுத்துவேன். அந்தத் துளிக்குள்ள, எங்கேர்ந்தோ, தகர டப்பாவுக்குள்ள ஒக்காந்து பேசற மாதிரி ஒரு குரல் வரும்: 'எனக்கு எடம் எங்கடா?'

அவ்வளவுதான். பந்தல் கழண்டுடும். யாரு பேசினான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பீலிக்ஸு ஏதோ தந்தி சரி பண்றவன் மாதிரி கிடார் மேல குனிஞ்சிருப்பான், மூஞ்சி பச்சப்புள்ள மாதிரி இருக்கும். கோட்டு எனக்கு, கைதட்டு அவனுக்கு.

ஆனா ஒண்ணு. அந்தத் துளியை நான்தான் விடறேன். எடம் விடறதுதான் தம்பி எங்க தொழிலு. குரல் எவன் வேணா பண்ணலாம், பூனை கூட பண்ணும். எங்க வாயை மூடணும்னு தெரியணும். இருபத்தஞ்சு வருஷம், நான் எடம் விடுவேன், அவன் வருவான். முன்னப் பின்ன ஆனதே இல்ல.

ஒரே ஒரு நாள் ரிகர்சல்ல அவனையே பண்ணிக் காமிச்சேன். கட்டைக் குரலு, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இருமல். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. 'என்னை ஏண்டா பண்றே, நான் இங்கதான இருக்கேன்' அப்படின்னான். அதோட விட்டுட்டேன்.

இங்கதான இருக்கேன்னு சொன்னவன், என்ன பண்ணான் தெரியுமா?

திண்டுக்கல்ல ஒரு கல்யாணம். மத்தியானத்தோட முடிஞ்சு வேன்ல திரும்பறோம். நான் டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. பீலிக்ஸு எனக்குப் பின்னாடி, ஜன்னலோரம். நான் கல்யாண வீட்டு சமையல்காரரை எடுக்கறேன். 'சாம்பார் முடிஞ்சிருச்சுங்க, ரசம் முடிஞ்சிருச்சுங்க, பந்தியைப் போட்டுரலாமுங்களா?' வேனே குலுங்குது. எடம் விட்டேன். அவன் வரல. பிகு பண்றான்னு அடுத்து மாப்பிள்ளையோட மாமனாரை எடுத்தேன். எடம் விட்டேன். வரல. வையம்பட்டி போச்சு, மணப்பாறை போச்சு. நான் விடுவேனா? ஒண்ணு மேல ஒண்ணு. அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் பண்ணதில்ல, எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் அவனுக்கு அளந்து எடம் விட்டேன். திருச்சி வந்து, 'பீலிக்ஸண்ணே, எறங்குங்க'ன்னு டிரைவர் ரெண்டு தடவை கூப்பிட்டப்பத்தான்...

ம்.

ஹார்ட்டுன்னாங்க. இருக்கட்டும். இத்தனை வருஷத்துல ஒரு நாள் டைமிங் விடாதவன் அன்னைக்கு என்னை அப்படியே அந்தரத்துல நிக்க வச்சுட்டுப் போயிட்டான். அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு தம்பி. மறைக்க மாட்டேன்.

இப்பவும் மேடையில கண்டக்டரைப் பண்றேன். அதே எடத்துல வாய் தன்னால நிக்குது. கூட்டம் பாக்குது. நான் பாக்கறேன். புதுசா வந்திருக்கற கிடார்காரன் 'என்ன சார், மறந்துட்டீங்களா'ங்கறான்.

பீலிக்ஸோட முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தேன். பொன்மலைப்பட்டியில வீடு. ஜனமெல்லாம் கலைஞ்சு போச்சு. லூர்து உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கு. ரெனிட்டா அப்பன் கிடாரை எடுத்து ஒரு பாட்டு வாசிச்சா, முடிக்க முடியல, அப்படியே ஸ்டாண்டுல வச்சுட்டு மாடிக்குப் போயிட்டா. ஆம்ப்பை நிறுத்தல. ஹால்ல நானும் கிடாரும்.

அந்த ஆம்ப்பு சும்மா இருக்கறப்ப ஒரு சத்தம் வருமே, உஸ்ஸுன்னு. நீங்க அதை நாய்ஸும்பீங்க. எனக்கு அது அப்படிக் கேக்கல. ஒருத்தன் பேச வாயெடுக்கறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பான் பாருங்க, அந்த மூச்சு. இழுக்கறான், இழுக்கறான், இழுத்துக்கிட்டே இருக்கான், பேச மாட்டேங்கறான். எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கிட்டு ஒக்கார முடியும்? நான் குனிஞ்சேன். தந்திக்குப் பக்கத்துல வாயை வச்சு, அந்த சின்ன இருமல் இருமி, அவன் குரல்ல, 'ஏ லூர்து, டீ போடு'ன்னேன்.

ஏன்னு கேக்காதீங்க. அந்த எடத்துக்கு அதுதான் வந்துச்சு.

உள்ள பாத்திரச் சத்தம் நின்னுடுச்சு. குழாய்த் தண்ணி மட்டும் ஓடுது. அப்புறம் அதுவும் நின்னுச்சு. அப்புறம் உள்ளேர்ந்து, 'இதோ.' அவ்வளவுதான். டீயைக் கொண்டாந்து ஆம்ப்பு மேல வச்சுட்டு, என் மூஞ்சியைப் பாக்காம உள்ள போயிடுச்சு.

அன்னைலேர்ந்து சாயங்காலம் ஆனா நான் அங்கதான். லூர்து ஆம்ப்பைப் போட்டு வச்சுட்டு அடுப்படிக்குப் போயிடும். நான் ஹால்ல இருக்கறது அதுக்குத் தெரியும், ஆனா பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்கும். தொழில் சுத்தம் தம்பி, கட்டின பொண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியல. பெருசா ஒண்ணும் பேச மாட்டேன். ஃபேனை நிறுத்து. ரெனி வந்துட்டாளா. இன்னைக்கு என்ன மீனு. செத்தவன் தத்துவம் பேசினா எடுபடாது. மீனைக் கேட்டாத்தான் அவன்.

டீயா? ஆறிப்போயி வீணாப் போவுதேன்னு நான்தான் குடிப்பேன். இஞ்சி தட்டிப் போட்டு, சக்கரை தூக்கலா, எனக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். பாவம், பீலிக்ஸு சுகர் பேஷண்டு. பல வருஷமா சக்கரையைத் தொடாதவன். துக்கத்துல லூர்துக்கு அதுகூட மறந்து போச்சு.

இதுல எனக்கு ஒண்ணும் லாபம் இல்ல, நஷ்டம்தான். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. போன வாரம் ஷேவிங் பண்ணிக்கிட்டிருக்கேன், இருமல் வந்துச்சு. இருமினேன். தம்பி, அது அவன் இருமல். நான் பண்ணல. குரலைக் கேட்டு வாங்கலாம், இருமலை எவன் வாங்குவான்? எங்க வீட்டம்மா உள்ளேர்ந்து, 'யாருங்க வந்திருக்கறது?'ங்கறா. யாரும் வரலடின்னேன். அதுவும் அவன் குரல்லயே வருது. அவ எட்டிப் பாத்துட்டு, கதவைச் சாத்திட்டா.

சரி, விடுங்க. மாத்தறதா வேணாமாங்கறதுதான் பேச்சு.

நேத்துதான் கொஞ்சம் தப்பிப் போச்சு. லூர்து என்னை நேராவே கேட்டிருக்கு, ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. 'அண்ணே, அன்னைக்கு வேன்ல என்னதான் நடந்துச்சு?' நான் என்ன பண்ண முடியும், உக்காத்தி வச்சு அழ விடவா? சமையல்காரரைப் பண்ணிக் காமிச்சேன். மாமனாரைப் பண்ணிக் காமிச்சேன். சிரிக்கும். கண்ணைத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிடும். நேத்து சாயங்காலம் வழக்கம் போலக் குனிஞ்சு, 'ஏ லூர்து, டீ போடு'ன்னேன். 'இதோ' வரல. அதுக்குப் பதிலா உள்ளேர்ந்து ஒரு கேள்வி.

'வலிச்சுதா?'

நான் எத்தனை மேடை பாத்தவன். குடிச்சுட்டு முன் வரிசையில நின்னு கத்தறவனுக்கெல்லாம் பதில் வச்சிருக்கேன். இதுக்கும் அவன் குரல்லயே, 'இல்ல லூர்து, தூங்கிட்டேன்'ன்னேன்.

அந்த உஸ்ஸு மட்டும். அப்புறம் உள்ளேர்ந்து மெதுவா வருது: 'பக்கத்துலதான இருந்தீங்க. நெஜத்தைச் சொல்லுங்கண்ணே.'

பாத்தீங்களா, எவ்வளவு குழம்பிப் போயிருக்குன்னு? புருஷனைப் போயி அண்ணேங்குது.

என்ன அப்படிப் பாக்கறீங்க?

அதோட எந்திரிச்சேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு வந்துட்டேன். இன்னைக்கு மத்தியானம் போன் வருது, போறேன், ரெனிட்டா கிடாரைப் பையில போட்டு வாசல்ல வச்சிருக்கா. 'மாமா, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. வேற யாரும் கொண்டுபோகக் கூடாது'ங்கறா. அவ்வளவு நம்பிக்கை எம்மேல. லூர்து வாசல் வரைக்கும் வந்துச்சு. 'அண்ணே, பேச வேண்டியதெல்லாம் அங்கேயே பேசி முடிச்சுட்டு வந்துருங்க'ன்னுச்சு. வேற என்ன, கூலி விஷயம்தான். நீங்க கூடக் கேட்டுருவீங்கன்னு பயம்.

அதனால ஒரு உதவி பண்ணுங்க. நீங்களே போன் போட்டு ரெனிட்டாகிட்ட சொல்லிடுங்க, புதுசு இதுல சேராதுன்னு. குழி சின்னது, ஸ்க்ரூ ஒக்காரல, என்னத்தையாச்சும். நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க கடை வச்சிருக்கற ஆளு. வேணும்னா உங்க குரல்ல நானே பேசிடறேன்.

என்னது, மெழுகா? பழசையே கழட்டி சூடான மெழுகுல முக்கி எடுத்தா கத்தாதா? மாட்டின பிறகு டோனு மாறாதா? நல்ல யோசனைதான். அப்ப பேச்சு? பேச்சும் கேக்காதா?

அப்ப வேணாம். ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு வாயைத் தைக்கற மாதிரி. அதுக்குப் புதுசே தேவலாம்.

கேளுங்க, என்ன கேக்கணும்? ரொம்ப நேரமா எதையோ மென்னுக்கிட்டே இருக்கீங்க.

சக்கரையா?

அதான் சொன்னேனே, மறதி. துக்கத்துல வந்த மறதின்னு... இருங்க. மறக்கறதுன்னா சக்கரை போட மறக்கலாம். போடறதுக்கு எப்படி மறக்கறது? அந்த வீட்டுல சக்கரை டப்பாவே கிடையாது. பீலிக்ஸு கண்ணுல படக் கூடாதுன்னு லூர்து எடுத்துப் போட்டு எவ்வளவோ வருஷமாச்சு. ரெனிட்டாவுக்கும் சக்கரை இல்லாத காப்பிதான். முன்னல்லாம் நான் போனா எனக்குன்னு பக்கத்து வீட்டுல போய் ஒரு டம்ளர்ல வாங்கிட்டு வரும். 'அண்ணனுக்கு இது இல்லாம எறங்காது'ன்னு.

எனக்குன்னு.

அந்த ஆம்ப்பைப் போடுங்க தம்பி.

கழட்டறதுக்கு முன்னாடி எப்படியும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுவீங்கல்ல, அதுக்குத்தான். வயரைச் சொருகுங்க. ம். இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. கத்துதா, குறைங்க. அவ்வளவு போதும். கேக்குதா உங்களுக்கு? இழுக்கறான் பாருங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. இத்தனை மேடை ஏறினவனுக்கு ஒரு ஆளு முன்னாடி கூச்சமா இருக்கு.

'ஏ லூர்...'

இல்ல. இருங்க. அது வேணாம்.

'தங்கச்சி. நான்தான், குணாளன் பேசறேன். வலிச்சுதான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் முன்னாடி பாத்து ஒக்காந்துட்டேன், திரும்பிப் பாக்கல. வையம்பட்டிகிட்ட என் சீட்டுக்குப் பின்னாடிலேர்ந்து ரெண்டு தட்டு தட்டினான். கை தட்டறான்னு நெனச்சேன். நல்லாருக்குடாங்கறான்னு நெனச்சேன். அதனாலதான் இன்னும் நல்லாப் பண்ணினேன்.'

.

.

ஒண்ணும் இல்ல தம்பி. எடம் விட்டேன்.

இப்ப பேசினது யாரு குரலு? அந்த ஆம்ப்புலேர்ந்து வந்துச்சே. நானா? இவ்வளவு மெலிசாவா இருக்கும்?

சரி, ஆம்ப்பை நிறுத்துங்க. நிறுத்திடுங்க. அயர்னைச் சூடு பண்ணுங்க. கழட்டிட்டுப் புதுசை மாட்டுங்க. பழசை அந்த டப்பாவுல போட்டு ரெனிட்டாகிட்ட குடுத்துருங்க, எங்கிட்ட வேணாம். நான் நின்னு பாக்கல, நாளைக்கு அவளே வந்து வாங்கிக்குவா.

கூலியா? அதை அவகிட்டயே பேசிக்குங்க. என்னைப் பேசச் சொன்னது வேற.

மணி என்ன, நாலே முக்காலா? பொன்மலைப்பட்டி பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்கு. வர்றேன் தம்பி. லூர்து இந்நேரம் அடுப்புல வச்சிருக்கும். சக்கரை வாங்கி வச்சிருக்கும்.